பாதாளக் கரண்டி நங்கூரம்

ஆடி பதினெட்டு, காலை பத்து இருபது. மேல்காற்று; விட்டு விட்டுத் தூறல். எனக்கு ஒன்பது வயது. மடத்துக்குளத்துக்குப் பக்கம், அமராவதிக் கரையில் கட்டுச்சோற்று மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து.

அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம். ஆடிக்கு அழைத்து வந்த பெண் மாதம் முடியும்வரை பிறந்த வீட்டில் இருப்பது வழக்கம். ஆனால் பல்லடத்து மாமியார், தறிக்கு ஆள் இல்லை, பதினெட்டு முடிந்ததும் அனுப்புங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். காலையில் தாலிக்கு மஞ்சள் கயிறு மாற்றியதிலிருந்து அக்கா யாரோடும் பேசவில்லை.

அவளுக்காகத்தான் சித்தப்பா பரிசல் பிடித்தார். நடு ஆற்றில் நிறுத்திச் சாப்பிடுவதாக ஏற்பாடு. நங்கூரத்துக்கு, கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டியைப் பக்கத்து வீட்டில் நான் இரவல் வாங்கி வந்திருந்தேன். கொக்கிகள் பன்னிரண்டு. கயிறு சித்தப்பா செய்தது. திருப்பூர் பனியன் கம்பெனியில் துணி வெட்டுகிறவர். வெட்டி மிஞ்சிய துண்டுகளை முறுக்கி முடிந்திருந்தார்.

பரிசல்காரர் அதை இழுத்துப் பார்த்தார். "ஏனுங்க, இது நீளுதுங்களே. எங்கிட்ட நார்க்கயிறும் கல்லும் இருக்குதுங்க."

"ஆனையவே கட்டலாமுங்க. நீங்க தள்ளுங்க."

கரண்டி பாறையில் மாட்டியது. பரிசல் நின்றது. அக்கா தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு புளிசோறு தின்றாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எனக்கோ கண் கரையிலிருந்த பூவரச மரத்தில். அது மெல்ல மேற்கே நகர்ந்தது.

"சித்தப்பா, நாம போறமுங்க."

"நாம நிக்கறோங் கண்ணு. தண்ணிதான் போகுது."

அக்கா சிரித்துவிட்டாள். அந்த ஆடியில் அவள் சிரித்தது அப்போதுதான்.

நனைந்த பனியன் துணி முழம் முழமாக நீண்டுகொண்டிருந்தது. பரிசல்காரர் கரைக்குத் திரும்பலாம் என்றார்.

"இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கலாமுங்க சித்தப்பா," என்றாள் அக்கா. "போற வரைக்கும் போகட்டும்."

சித்தப்பா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு கயிற்றை இழுத்தார். ஒரு முடிச்சு அவிழ்ந்து, கரண்டி ஆற்றிலேயே தங்கிவிட்டது. பரிசல் இரண்டு சுற்றுச் சுற்றியது. பரிசல்காரர் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தார். அக்கா தவிர எல்லோரும் இறங்கினோம். அக்காவை அம்மா இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

நான் கரண்டிக்காக அழுதேன். இரவல் வாங்கினவன்தான் அதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அக்கா என் தலையைத் துவட்டிவிட்டாள்.

"அழுவாத கண்ணு. அது இங்கயேதான் கெடக்கும். அத யாரு வந்து கூட்டிட்டுப் போகப் போறாங்க?"

எனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் போனாள். அப்புறம் எந்த ஆடியிலும் பதினெட்டைத் தாண்டி அவள் எங்கள் வீட்டில் தங்கியதில்லை. நான் வழியனுப்பப் போகவில்லை. உண்டியலை உடைத்து எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த ஆடியில் எனக்குப் போனது ஆறே கால் ரூபாய் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.