எழுத்தக்காவின் சொந்தப் பரீட்சை

முப்பத்தைந்து நிமிடம் ஆகியும் எழுத்தக்காவின் விடைத்தாள் வெள்ளையாகவே இருந்தது. முதல் வரியின் மேல் பேனா முனையை வைத்து, தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்து, யாரோ ஏதோ சொல்லப்போகிறார்கள் என்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

நான் அந்த ஹாலின் கண்காணிப்பாளர். பெஞ்சுகளுக்கு நடுவே செருப்புச் சத்தம் எழாமல் நடப்பதுதான் வேலை. அந்தச் சாய்ந்த தலையை ஆறு வருடமாக எனக்குத் தெரியும். ஆனால் அதை எப்போதும் பக்கத்துச் சின்ன அறையில்தான் பார்த்திருக்கிறேன், இன்னொருவர் அருகில் இருக்கும்போது.

கூரியர் ஆபீசில் பார்சல்களின் மேல் விலாசம் எழுதுகிறவர் அவர். பரீட்சைக் காலம் வந்தால் லீவு போட்டுவிட்டு வந்து, கண் தெரியாதவர்களுக்கும் கை முடியாதவர்களுக்கும் எழுதிக் கொடுப்பார். அவர்கள் சொல்வார்கள், இவர் எழுதுவார். இருபத்திரண்டு வருடம். ஒரு வக்கீல், இரண்டு பேங்க் அதிகாரிகள், ஏழெட்டு வாத்தியார்கள் இவர் கையெழுத்தில் தேறிப் போயிருக்கிறார்கள். 'எழுதுற அக்கா' என்று அவர்கள் கூப்பிட்டது தேய்ந்து எழுத்தக்கா ஆனது. அக்கா படித்தது பன்னிரண்டாவது. அதுதான் தகுதி. சொல்கிறவரைவிட எழுதுகிறவர் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. விஷயம் தெரிந்த ஆள் சும்மா இருப்பாரா?

ஒரு தடவை அக்காவும் சும்மா இருக்கவில்லை. பின்னாளில் வாத்தியாரான, கண் தெரியாத ஒருவர் 'கல்வியின் வரலாறும் நோக்கமும்' தாள் எழுத வந்திருந்தார். ஐந்து நோக்கம் கேட்டிருந்தார்கள். நாலு சொல்லிவிட்டு, ஐந்தாவது ஞாபகம் வராமல் நெற்றியைத் தேய்த்தார். அதே தாளை அதற்குள் ஏழு பேருக்கு எழுதியிருந்த அக்காவின் பேனா தானாக நகர்ந்தது.

"அக்கா, நான் நாலுதானே சொன்னேன்? பேனா இன்னும் ஓடுது."

"அதெல்லாம் ஒண்ணுமில்லை சார்."

"எனக்குக் கண்ணுதான் இல்லை. அடிச்சிடுங்க. நீங்க பாஸாகி நான் வேலைக்குப் போறதா?"

அக்கா அடித்தார். வெளியே வரும்போது வாத்தியார் சிரித்தார். "இவ்வளவு தெரிஞ்சவங்க உங்க பேர்லயே எழுத வேண்டியதுதானே?"

இப்போது அந்த வாத்தியார் கண் தெரியாத பிள்ளைகளின் பள்ளியில் தலைமையாசிரியர். போன வருடம் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆசிரியை இடம் ஒன்று காலி. ஒரு வருடப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். அடுத்த ஜூன்வரைதான் அந்த இடத்தைப் பிடித்துவைக்க முடியும். அக்கா பயிற்சியில் சேர்ந்தார். சேர்ந்த அன்றே, படிப்பு கூடிவிட்டது என்று, எழுதிக் கொடுப்பவர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். மொத்தம் நாலு தாள். ஒன்று போனாலும் இந்த வருடம் கிடையாது. எழுதிக் கொடுக்கும் வேலையும் இல்லை, புது வேலையும் இல்லை.

முதல் தாளே இதுதான். கல்வியின் வரலாறும் நோக்கமும்.

ஒரு மணி நேரம் ஆனது. பேசக்கூடாதுதான், ஆனாலும் குனிந்து கேட்டேன். "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா அக்கா?"

"இல்ல தம்பி. எல்லாம் ஞாபகம் இருக்கு. கைதான் யாராவது சொல்லட்டும்னு உக்காந்திருக்கு."

நான் நாலு பெஞ்சு தள்ளிப் போயிருப்பேன். பின்னால் ஒரு முணுமுணுப்பு. "முதல் கேள்வி. எழுதிக்குங்க. ஆதியில் கல்வி வாயிலும் காதிலும் இருந்தது. ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொன்னார். கமா வேண்டாம், முற்றுப்புள்ளி. ஏடும் எழுத்தும் பிறகு வந்தன. எழுத்து வந்ததும் அதைப் பூட்டி வைக்க ஆளும் வந்தார்கள்." அக்கா தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். கை ஓடத் தொடங்கியது. ஆற்றுத் தண்ணீர் ஒரு கல்லைத் தாண்டிவிட்டாற்போல.

ஒரு மணி நேரத்துக்கு மேல் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பின் பெஞ்சுக் கண்ணாடிப் பெண் எழுந்தாள். "சார், இவங்க ரேடியோ மாதிரி ஓடிட்டே இருக்காங்க. எனக்குப் படிச்சதும் மறந்துபோச்சு."

"படிச்சிருந்தாத்தானே" என்றது மூலையிலிருந்து ஒரு குரல். சிரிப்பை அடக்குவதற்குள் பறக்கும் படை உள்ளே வந்துவிட்டது. ஓர் அதிகாரி, ஓர் அம்மா. அதிகாரி நேராக அக்காவின் உதட்டைத்தான் பார்த்தார்.

"யார்கூடப் பேசறீங்க? காதுல என்ன மாட்டியிருக்கீங்க?"

"ஒண்ணுமில்லை சார்."

"பதில் யார் சொல்றது?"

"நான்தான் சார்."

"அப்ப எழுதறது?"

"அதுவும் நான்தான். ஹால் டிக்கெட் ஒண்ணுதான் சார், ஆளும் ஒண்ணுதான்."

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினையாயிற்று. அதிகாரி தாளைப் பிடுங்கிக்கொண்டார். கூட வந்த அம்மா அக்காவின் கூந்தலை விலக்கி, தோட்டைக் கழற்றி, காதுக்குள் டார்ச் அடித்தார். அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார். முள் நகர்ந்தது.

"புக் பண்ணிடறேன். மூணு வருஷம் எழுத முடியாது" என்றார் அதிகாரி.

நான் நடுவே புகுந்தேன். "சார், இருபத்திரண்டு வருஷம் மத்தவங்க சொல்லச் சொல்ல எழுதினவங்க. பழக்கதோஷம்."

"அந்தப் பழக்கத்துக்கு விதியில இடம் இருக்கா?"

"இல்லை சார். காதுலயும் ஒண்ணும் இல்லையே."

"காது சுத்தமாத்தான் இருக்கு, விடுங்க சார்" என்றார் அந்த அம்மா.

தாள் மேசையில் விழுந்தது. "இன்னொரு தடவை உதடு அசைஞ்சா நீங்களே தாளை வாங்கிடுங்க. உங்க பொறுப்பு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பதினாலு நிமிடம் போயிருந்தது.

கடைசி அரைமணியில் பெரிய கேள்வி மட்டும் பாக்கி. சமூகத்தில் கல்வியின் நோக்கம் என்ன? இருபது மதிப்பெண். அது இல்லாமல் தேற முடியாது. எட்டுப் பேர் சொன்ன எட்டுப் பதில்கள் அக்காவிடம் இருந்தன. வேலைக்கு என்றவர், ஒழுக்கத்துக்கு என்றவர், தலை நிமிர என்று சொல்லிவிட்டு அழுதவர். அவற்றில் எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அக்கா கைக்குட்டையை மடித்துப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டார். தலை சாயவில்லை. நேராக இருந்தது. உதட்டைப் பார்ப்பது இப்போது என் வேலை. பேனா தொட்டது, நின்றது, மறுபடி தொட்டது.

உதடு ஒரு தடவை அசைந்தது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மணி அடித்துத் தாளை வாங்கும்போது அந்தப் பக்கம் மேலே இருந்தது. ஒன்பதே வரி. 'எனக்குத் தெரிந்ததை என் பெயரில் சொல்ல நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது' என்று தொடங்கியிருந்தது. பரீட்சையில் அப்படித் தொடங்கினால் யார் மதிப்பெண் போடுவார்கள்? மற்ற மூன்று தாள்களையும் அக்கா கைக்குட்டையோடுதான் எழுதினார்.

முடிவு மே மாதம் வந்தது. தேற நாற்பது வேண்டும். மற்ற மூன்றிலும் அக்கா தேறியிருந்தார். முதல் தாளில் நாற்பத்தொன்று.

நோட்டீஸ் போர்டின் முன்னால் அக்கா தன் எண்ணின் மேல் விரலை வைத்தபடி நின்றார். எடுக்கவே இல்லை.

"இதே தாளை எட்டுப் பேருக்கு எழுதினேன் தம்பி. ஒருத்தர்கூட அறுபதுக்குக் கீழ வாங்கல" என்றார். பிறகு சிரித்துவிட்டார். "எழுதினவளைக் குத்தம் சொல்ல முடியாது. சொன்னவ புதுசு."