எனக்கும் கேட்கிறது என்றேன்

என் தம்பிக்குத் தன் நோய் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவை அவனிடமிருந்து பறித்தவன் நான்.

வட ஆற்காட்டிலிருந்து கோலார் தங்க வயலுக்குச் சுரங்க வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். தம்பி முனுசாமியோடு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாறை துளைத்த ஏழுமலை, பாறை சரிந்து இறந்துபோனான். உடலை எடுத்துப் புதைத்தோம். முனுசாமியும் ஒரு பிடி மண் போட்டான்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் என்னைத் தனியே அழைத்தான்.

"அண்ணே, பாறைக்குப் பின்னால இருந்து ஏழுமல கூப்பிடறான். செத்தவன் எப்படிண்ணே கூப்பிடுவான்? எனக்குத்தான் இன்னாவோ ஆயிடுச்சு. டாக்டராண்ட இட்டுனு போ."

எவ்வளவு தெளிவு, பாருங்கள்! ஆனால் மறுவாரம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பக்கத்துச் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் வேலை பார்ப்பவர். பைத்தியம் உள்ள குடும்பம் என்று தெரிந்தால்...?

"எனக்கும் கேக்குதுடா. ஆவி கொஞ்ச நாள் அப்படித்தான் சுத்தும். யாராண்டயும் சொல்லாத" என்றேன்.

அவன் அழுதேவிட்டான். ஆனந்தக் கண்ணீர்! தான் பைத்தியமில்லை என்பதைவிட இனிய செய்தி ஒருவனுக்கு உண்டா? அந்த மகிழ்ச்சியைக் குணமென்று நான் நம்பினேனா, நம்ப விரும்பினேனா? இன்றும் தெரியவில்லை.

திருமணமும் முடிந்தது. அதற்குள் அவனுக்குச் சந்தேகமே அற்றுப்போயிருந்தது. ஒரு நாள் ஷிப்ட் முடிந்து ஆட்களை மேலே ஏற்றிவந்த கேஜ் கூண்டில் அவன் இல்லை. கீழே, வெறுங்கையால் பாறையைத் தோண்டிக்கொண்டிருந்தான். ஏழுமலையை மீட்க! விரல்களில் நகம் மிஞ்சவில்லை. மேலே தூக்கிவந்து கம்பெனி ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரிடம் காட்டினோம்; அவரிடம் முனுசாமி சொன்னான்:

"எனக்கு சீக்கு இல்ல, தொர. எங்க அண்ணனுக்கும் கேக்குது. கேட்டுப் பாருங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். அருகில் என் மருமகன் நின்றிருந்தார்.

"எனக்கு எதுவும் கேட்டதில்லீங்க" என்றேன். உண்மைதான்... அவனைக் கைவிடுவதற்காகச் சொன்ன உண்மை.

பெங்களூரில், பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முதல்முறை பார்க்கப் போனபோதே சொல்லிவிட்டேன்.

"நான் பொய் சொன்னேன்டா முனுசாமி. எனக்கு ஒண்ணும் கேக்கல. உனக்கு சீக்குடா. மருந்தைக் குடி."

அவன் சுற்றிலும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"பயப்படாதண்ணே. உனக்கும் கேக்குதுன்னு இங்க யாராண்டயும் சொல்ல மாட்டேன். சொன்னா உன்னையும் பூட்டி வெச்சிடுவாங்க."

என்னைக் காப்பாற்றுகிறானாம்!

என் மகள் சுகமாக இருக்கிறாள். அவளிடம் இதையெல்லாம் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். முனுசாமி மருந்தைத் தொடுவதில்லை. நோயில்லாதவனுக்கு மருந்து எதற்கு? மாதம் ஒருமுறை ரயிலேறிப் போகிறேன். நான் பொய்யனென்று சொல்ல வாயெடுக்கிறேன். காயம் ஆறிய விரல்களால் அவன் என் வாயைப் பொத்திவிடுகிறான்.