சத்தம் போட்டுப் படித்த வீடு

நேற்று மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். நல்ல படிப்புப் பழக்கங்கள் என்று தலைப்பு; அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. முதலாவது வரியே எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை தன் அறையில், தன் மேசையில், சத்தமில்லாமல் படிக்க வேண்டுமாம். அறையாம். மேசையாம். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பிலிருந்த பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

நான் சத்தம் போட்டுப் படித்தவள். சுவிஸில், வின்டர்தூரில் நாங்கள் இருந்த வீட்டில் ஒரே ஒரு மேசைதான். சாப்பாடும் அதில்தான், அப்பாவின் சட்டைகளுக்கு அயர்ன் போடுவதும் அதில்தான். அதனால் நான் நடந்து நடந்துதான் பாடமாக்குவேன். குசினி அடுப்பிலிருந்து வாசல் கதவுவரை போய்த் திரும்புவதற்குள் ஒரு பிரெஞ்சு வினைச்சொல் முடிந்திருக்க வேண்டும். அம்மாவுக்குப் பிரெஞ்சில் ஒரு சொல்லும் தெரியாது. என் சத்தம் நின்றால் மட்டும் தெரிந்துவிடும். “என்ன, நித்திரையோ?” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். எங்கள் ஆட்களின் வீட்டில் வளர்ந்தவர் என்றால் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

கீழ்வீட்டு மனிசிக்குத்தான் விளங்கவில்லை. கூட்டுகிற தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடிப்பார். இந்த நாட்டில் மத்தியானத்தில் இருமுவதற்கும் யோசிக்க வேண்டும், தெரியுந்தானே. அம்மா அவரிடம் மன்னிப்பும் கேட்கவில்லை, என்னை நிறுத்தவும் இல்லை. இரண்டு துவாயை வாளிக்குள் போட்டுக்கொண்டு, கட்டடத்துக்கு அடியிலிருந்த பொது உடுப்புத் தோய்க்கிற அறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மெஷினைப் போட்டுவிட்டு, “இனிக் கத்து” என்றார். அது சுற்றச் சுற்ற நான் அதற்கு மேலால் கத்துவேன். பாவம் அந்தத் துவாய்கள், ஊத்தை பிடிக்க அவற்றுக்கு நேரமே கிடைக்கவில்லை. இன்றைக்கும் கடையில் சோப்புத்தூள் மணம் அடித்தால் என் வாய் தானாக அசையத் தொடங்கும். பக்கத்தில் நிற்பவர்கள் மெல்ல விலகிப் போவார்கள்.

அந்த வாயால் வகுப்பில் வம்பு வந்தது. சோதனை எழுதும்போதும் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஆறாம் வகுப்பு முடியும்போது பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளை அடுத்து ‘செக் ஆ’வுக்கா ‘செக் பே’க்கா என்று சொல்வார்கள். ‘ஆ’ என்றால் மேலே படிக்கிற வழி அகலம், ‘பே’ என்றால் ஒடுக்கம். அப்பாவுக்கு ரெஸ்டோரன்டில் வேலை, அம்மாதான் வந்தார். அப்போது அவருக்கு ஜெர்மன் வராது. என்னைப் பற்றிய தீர்ப்பை நானே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

இந்தப் பிள்ளை விளங்காமல் ஒப்பிக்கிறது, வீட்டில் சத்தம் போட்டுப் படிக்கிற பழக்கத்தை நிறுத்துங்கள், இவளுக்குப் ‘பே’தான் நல்லது என்றார் டீச்சர். ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மடியிலிருந்த கைப்பையை எடுத்து மேசையில் வைத்தார்.

“என்ர பிள்ளை சத்தம் போட்டுத்தான் படிக்கும். ‘ஆ’ எண்டு எழுதாட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டன். சொல்லு.”

சொன்னேன். எப்படி என்கிறீர்கள்? முன்னுக்கு ஒரு ‘பிட்டே’, பின்னுக்கு ஒரு ‘பிட்டே’, தயவுசெய்து தயவுசெய்து என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. டீச்சரும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

“நான் கோவமாச் சொன்னனான். நீ ஏன் இளிச்சுக்கொண்டு சொல்லுறாய்? கோவமாச் சொல்லு.”

எனக்குத் தெரிந்த ஒரே பெரிய குரல் மெஷினுக்கு மேலால் கத்துகிற குரல்தான். அதில் சொன்னேன். கையோடு மேசை, தும்புத்தடி, துவாய் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். டீச்சர் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு ‘ஆ’ என்று எழுதினார், முதல் சில மாதங்கள் பார்த்துத்தான் முடிவு என்ற நிபந்தனையோடு. அந்த மாதங்களில் எங்கள் துவாய்கள் நூல் நூலாகிப் போயின. நான் ‘ஆ’விலேயே இருந்தேன்.

இப்போது அந்தக் கட்டடத்தில் வீட்டுக்கு வீடு மெஷின். தோய்க்கிற அறையில் சைக்கிள்கள் நிற்கின்றன. என் மகளுக்கு அறையும் உண்டு, மேசையும் உண்டு. காதில் எதையோ மாட்டிக்கொண்டு வாய் திறக்காமல் படிக்கிறாள். நன்றாகத்தான் படிக்கிறாள், பொய் சொல்லக்கூடாது. தாளைப் பற்றிச் சொல்ல அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அம்மா இப்போது நல்ல ஜெர்மன் பேசுவார். டாக்டரிடமும், வீட்டு நிர்வாகத்திடமும், பஸ் ஓட்டுநரிடமும் முன்னுக்கு ஒரு ‘பிட்டே’, பின்னுக்கு ஒரு ‘பிட்டே’.

“கையெழுத்தை வைச்சு விடு பிள்ளை” என்றார். “பள்ளிக்கூடத்தோட ஏன் கொழுவுறாய்?”

கைப்பையை மேசையில் வைத்த அந்த மனிசி போனின் மறுபக்கத்தில் இல்லை. எனக்கு அழுகையாக வந்தது.

பேனையை எடுத்து முதலாவது வரியைக் குறுக்கே வெட்டினேன். எங்கள் வீட்டில் சத்தம் போட்டும் படிக்கலாம் என்று பக்கத்தில் ஜெர்மனில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். மகள் எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, வெக்கமாக் கிடக்கு. ஒரு ‘பிட்டே’யாவது போடுங்கோவன்.”

போடவில்லை.