தண்டவாளத்தில் மூன்று அடி

காட்டு மிருகங்களை மிரட்டினார் என்று சொல்லி ஆர்தரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதைச் சொன்ன வாயை என்ன செய்தால் தகும்? நான் பக்கத்திலேயே நின்றவன். நடந்ததை எழுதுகிறேன்.

ஆர்தர் கோலார் தங்க வயலில் ஸ்கெலட்டன் லைன் என்ற தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். அப்பா இறங்கிய சுரங்கத்திலேயே இவரும் இறங்கினார். அதை மூடியதும் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வேலைக்காகப் பெங்களூர் ரயிலில் தொங்கினார்கள். ஆர்தர், அவர் மைத்துனர் மரியகுழந்தை, நான், மூவரும் கடைசியில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியை நம்பி ஆப்பிரிக்கா போனோம். ஜாம்பியாவில் கிட்வே என்ற ஊர். செம்புச் சுரங்கம்.

அங்கே ஆர்தருக்கு கேஜ் மணி அடிக்கிற வேலை. கேஜ் என்பது ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு. மூன்று முறை மணி அடித்தால் ஆள் ஏறும் நேரம். காத்திருந்து தூங்கிப்போனவன்கூட அந்தச் சத்தத்துக்கு எழுந்து நிற்பான். ஓர் ஆள் குறைந்தாலும் ஆர்தர் கேஜை நகர விடமாட்டார். எவன் கத்தினாலும் சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சூப்பர்வைசர் நாகேஷ் எங்களை ஊருக்கு வெளியே ஒரு சின்ன மிருகப் பூங்காவுக்கு வேனில் கூட்டிப்போனான். தொழிலாளியைச் சந்தோஷமாக வைத்திருக்கிறார்கள் என்று காட்டக் கம்பெனிக்குப் போட்டோ வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்களைத் தூங்கவும் விடவில்லை. கம்பி வலைக்குள் சிங்கம் நிம்மதியாகத் தூங்கியது. எங்களைத்தான் சிரிக்கச் சொன்னான். வரிக்குதிரை, மான், காட்டெருமை எல்லாம் வெளியே திரிந்தன. வண்டியில்லாமல் உள்ளே நடக்காதே என்று வாசலிலேயே போர்டு.

போட்டோ முடிந்தது. கேட் மூடும் நேரம். மரியகுழந்தையைக் காணோம். எங்கோ மரத்தடியில் தூங்கச் சாய்ந்துவிட்டார். போன் வேன் சீட்டில் கிடந்தது. ஹாரன் அடித்தோம், கத்தினோம். பதில் இல்லை.

"ஏறுங்க ஆர்தர். அவரு இன்னா கொழந்தையா? வாட்ச்மேன் பாத்துப்பான்" என்றான் நாகேஷ்.

"ஆளு வரட்டும் சார்."

"மேனேஜர் வீட்ல டின்னர் கீது எனக்கு."

"நீங்க நடந்து போங்க. வண்டி நிக்கட்டும்."

வேனில் இருந்தவர்கள் சிரித்துவிட்டோம். நாகேஷ் முகம் கறுத்தது. டிரைவரை வண்டியை எடுக்கச் சொன்னான். ஆர்தர் வேனுக்கு முன்னால் போய் நின்றார். பக்கத்து மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. கீழே ஒரு இரும்புக் கம்பி. எடுத்தார், ஓங்கி மூன்று அடி.

அது மிருகங்களுக்குத் தீனி வைக்க அடிக்கிற மணி. எங்களுக்கு எப்படித் தெரியும்?

புதருக்குள்ளிருந்து வரிக்குதிரைக் கூட்டம் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடி வந்தது. பின்னால் மான்கள். ஒரு தீக்கோழி நேராக நாகேஷைப் பார்த்து வந்தது. போனைக் கீழே போட்டுவிட்டு வேனுக்குள் பாய்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். வாட்ச்மேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அந்தப் புழுதிக்குப் பின்னால், சட்டையைச் சரிசெய்துகொண்டு மரியகுழந்தை வந்தார்.

"இன்னா மச்சான், ஷிப்ட் மாறிட்ச்சா?"

"ஏறுடா" என்றார் ஆர்தர்.

மறுநாள் நாகேஷ் மன்னிப்புக் கேட்கச் சொன்னான். தெரியாமல் தீனி மணியை அடித்ததற்கு வாட்ச்மேனிடம் அன்றைக்கே கேட்டாயிற்று, உன்னிடம் எதற்கு என்றார் ஆர்தர். அந்த வாரமே அவரை ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். ஓர் ஆளைக் காட்டெருமைகளுக்கு நடுவே விட்டுப்போகப் பார்த்தவன் இன்னும் அங்கே சூப்பர்வைசர்.

லீவில் ஊருக்கு வந்தபோது ஆர்தரை அவர் வீட்டில் பார்த்தேன். இப்போது விடியும் முன் ரயில் பிடித்து பெங்களூரில் ஒரு அபார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேனாக நிற்கிறார். அந்த நாகேஷை ஒரு கை பார்க்காமல் விடமாட்டேன் என்று கத்தினேன். என்மேலேயே எரிந்து விழுந்தார்.

"நிறுத்துடா. அன்னிக்கு மரியகுழந்த வண்டி ஏறினானா இல்லியா?"

"ஏறினாரு."

"அப்பறம் இன்னாத்துக்குக் கூவற? டிபன் ஆறுது, துன்னு."