செருமாமல் நின்றவர்

யுத்தம் தொடங்கிவிட்டது, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு இன்னும் வரவில்லை. அதனால் 1940 அல்லது அதற்கு மறு ஆண்டு. ஆடி மாதம் என்பது நிச்சயம். ராஜபாளையத்துத் தெருக்களில் மண்ணோடு பஞ்சும் பறந்தது நினைவிருக்கிறது. அந்த மாதம் முழுவதும் ஒரே ஒரு சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தேன். அந்தச் சத்தத்தின் பெயர் செருமல்.

என் தகப்பனார் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தையில் பருத்தித் தரகர். இந்தக் கோடியில் நின்று அவர் விலை சொன்னால், அந்தக் கோடியில் வண்டிமாட்டை அவிழ்ப்பவன் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டையில் ஒரு கட்டி வந்து, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அதை எடுத்தார்கள். புண் ஆறும்வரை பேசக் கூடாது, முக்கியமாகச் செருமவே கூடாது, மீறினால் குரல் திரும்பாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அம்மா போன பிறகு அவர் தனியாக இருந்ததால், ராஜபாளையத்தில் என் வாடகை வீட்டுக்கு அழைத்து வந்தேன். நான் அங்கே ஒரு பஞ்சாலை ஆபீசில் குமாஸ்தா.

பேச்சை அவர் சுலபமாக விட்டுவிட்டார். தேவையானதைச் சிலேட்டில் எழுதினார். செருமலை விடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. எங்கள் பக்கம் பகலில் வாசற்கதவைச் சாத்துவதில்லை. மருமகள் புழங்கும் வீட்டுக்குள் நுழையுமுன் மாமனார் வாசலில் நின்று ஒரு செருமல் செருமுவார். உள்ளே இருப்பவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அடுப்படிப் பக்கம் ஒதுங்குவாள். பிறகுதான் அவர் கால் படியேறும்.

வந்த புதிதில் ஒரு மாலை ஆலையிலிருந்து திரும்பினேன். எதிர்ச்சாரி வேப்பமரத்தடியில் அவர் சாரலில் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார். வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே என் மனைவி, உலாவப் போனவரை இன்னும் காணோமே என்று தவித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள போவ வேண்டியதுதான ஐயா?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"கதவைத் தட்டலாம்லா?"

சிலேட்டில் எழுதினார்: 'நான் என்ன ஜப்திக்கு வந்த கோர்ட்டு அமீனாவா?'

மறுநாள் ராவுத்தர் கடையில் சின்ன வெண்கல மணி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழுதினார்: 'மாட்டுக்குக் கட்டு.'

அதன்பின் எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. பஞ்சுத்தூசி அவர் தொண்டையை அரித்திருக்குமோ, வாசலில் நின்று பழக்கத்தில் செருமியிருப்பாரோ என்று ஆபீசிலும் அதே நினைப்பு. வேலை ஓடாத நேரத்தில் அகராதிகளைப் புரட்டினேன். அவை பொருளைச் சொல்லின; சொல் எங்கே பிறந்தது என்று சொல்லவில்லை. போர் என்னும் பொருளுள்ள 'செரு'வோடு முடிச்சுப் போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. சுற்றத்துச் சொற்களை வாய்க்குள் உருட்டினேன். மிளகாய் நெடிக்குக் கமறல். சளிக்குக் காறல். குதிரைக்கும் எருமைக்கும் கனைப்பு. உறுமலுக்குப் பொருள் கேட்க வேண்டுமானால் புலி நடமாடும் செண்பகத்தோப்புக் காட்டுக்கு விறகுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டால் போதும். 'செரு' என்னும்போது மூச்சு உரசுகிறது, 'மு' என்னும்போது வாய் மூடிக்கொள்கிறது. மூடிய வாய்க்குள் உரசும் மூச்சுதான் செருமல். ஓசையே சொல்லாகியிருக்க வேண்டும். இன்றுவரை என் ஊகம் அவ்வளவுதான், சான்று கிடையாது. சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் எனக்கே தொண்டை அரித்து, செருமிவிட்டேன்.

தலைமைக் குமாஸ்தா நிமிர்ந்தார். "என்னவே, யாரு வீட்டுக்குள்ள நுழையப் போறீரு?"

வீட்டில் என் மனைவிக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தேவைப்படவில்லை. "அவிய செருமக் கூடாது, அம்புட்டுத்தான? நான் ஒதுங்கிட்டேன்னு அவியளுக்குத் தெரியணும். அதை நானே செருமிச் சொல்லிட்டுப் போறேன்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டிலிருந்தேன். வேப்பமரத்தடியில் வெள்ளை வேட்டி தெரிந்ததும் அவள் அடுப்படிக்குள் போய், ஒரு வண்டிக்காரனைப் போல உரக்கச் செருமினாள். ஐயா திடுக்கிட்டுத் தெருவின் இரு பக்கமும் பார்த்தார். தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டம்மாள் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏமே, பொம்பள இப்படிச் செருமலாமா? தெருமுனை வரைக்கும் கேக்குது!"

"மிளகா வத்தல் கமறுது அக்கா."

"அடுப்பே பத்த வைக்கல, எங்கிட்டு இருந்துட்டி கமறுது?"

ஐயாவின் தோள் குலுங்கியது. சிரிப்புக்கும் தொண்டை வேண்டுமே. துண்டை வாயில் அழுத்திக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். அன்றுமுதல் அவர் மரத்தடிக்கு வருவதும் இவள் உள்ளிருந்து செருமுவதும் வழக்கமாகிவிட்டது. என் பதைப்பு மட்டும் அடங்கவில்லை.

ஆவணி பிறந்ததும் மதுரைக்குப் போனோம். டாக்டர் விளக்கை வைத்துப் பார்த்து, புண் ஆறிவிட்டது, இனி மெதுவாகப் பேசலாம் என்றார். ஐயா தலையை மட்டும் ஆட்டினார். திரும்பும் பஸ்ஸில் நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றபோது பருத்தி வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. கழுத்தை நீட்டி அவற்றையே பார்த்தார்.

"ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன் ஐயா."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பயப்படுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டெதிரே வந்ததும் வழக்கம்போல மரத்தடியில் நின்றார். என்னை விலகி நிற்கும்படி கை காட்டினார். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு, செருமினார்.

கல்தரையில் கோணியை இழுத்தது போலிருந்தது. சந்தையைத் தாண்டுவது இருக்கட்டும், இரண்டு பஞ்சுப் பொதிக்கு அந்தப் பக்கம் அது போகாது. எங்கள் இருவருக்குமே தெரிந்தது. அவர் கண் கீழே போயிற்று. காலால் மண்ணைத் தள்ளினார்.

உள்ளேயிருந்து அவள் பதிலுக்குச் செருமினாள், எப்போதையும்விட உரக்க.

ஐயா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார்.

"வாரேன் தாயி" என்றார். அடுப்படிவரை எட்ட அந்தக் குரல் போதும்.