முன்பக்க ஃபேன்: பூஜ்யம்

தம்பி இறந்து மூன்று மாதம் கழித்து மடுகரையில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கம்ப்யூட்டரில் ஒரு வீடியோ இருந்தது. மகளின் காதணி விழாவில் எடுத்தது. எடுத்தபடியே ஏழு நிமிடமும் அவன் பேசியிருந்தான். அவன் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

"அப்பா எப்பிடிப் பேசுவாருன்னு பாப்பா கேக்குது மாமா. அத்த மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க" என்றாள் தம்பி மனைவி.

கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் ஓடினால் அப்படியே நின்றுவிடுகிறது என்றும் சொன்னாள். சூட்டைக் காட்டும் மென்பொருளைத் தம்பியே போட்டு வைத்திருந்தான். திருபுவனைத் தொழிற்சாலையில் மோட்டார்களின் சூட்டைப் பார்ப்பதுதான் அவன் வேலை.

திரையில் மூன்று வரிகள். பிராசசர் 52 டிகிரி. ஹார்ட் டிஸ்க் 49. முன்பக்க ஃபேன் வேகம் 0. பத்திரிகையில் பல ஆண்டுகள் பிழை திருத்தியவன் நான்; விவரம் வந்து சேராத இடத்தில் அங்கே பூஜ்யம் போட்டு வைப்போம். இந்தப் பூஜ்யத்தையும் அப்படித் தகவல் வராத இடம் என்று எடுத்துக்கொண்டேன். பின்பக்க ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. அது போதும் என்றிருந்தேன்.

சின்னக் கோப்புகள் முதலில் என்று போட்டோக்களை பென்டிரைவில் ஏற்றினேன். டிஸ்க் 58 ஆனது. பிறகு 61.

"ரொம்ப சூடாவுதா மாமா?"

"கொஞ்சம்தாம்மா. முடிஞ்சிடும்."

நிறுத்தி ஆறவிட்டிருக்க வேண்டும். வீடியோவைத் தொடங்கினேன். பாதிகூட ஏறவில்லை, உள்ளே டக் டக்கென்று சத்தம். திரை உறைந்தது. மறுபடி போட்டபோது டிஸ்க்கையே காட்டவில்லை.

பெட்டியைத் திறந்தேன். முன்பக்க வலைக்குப் பின்னால், டிஸ்க்குக்குக் காற்று அனுப்பும் ஃபேனில், சந்தனம் வழிந்து கல்லாகக் காய்ந்திருந்தது. குங்குமமும் இருந்தது.

அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஆயுத பூஜைக்கு நாந்தான் மாமா வச்சேன். அப்ப அவரு ஆஸ்பத்திரில இருந்தாரு. நல்லபடியா வூட்டுக்கு வரணும்னு நெறையவே வச்சேன்." காய்ந்த சந்தனத்தை விரலால் தொட்டாள். "வருஷா வருஷம் மறுநாளே தொடச்சிடுவாரு. 'இன்னாடி, மிஷினுக்கு மூக்கடைச்சி வச்சிருக்கே'ன்னு கத்துவாரு."

"அதனால இல்லம்மா. டிஸ்க்கு பழசு" என்றேன்.



மறுநாள் வில்லியனூரில் டிஸ்க்கைப் பார்த்த மெக்கானிக் கைவிரித்துவிட்டார். திரும்பி வந்து பென்டிரைவை அவளிடம் கொடுத்தேன்.

"போட்டோ எல்லாம் வந்துடுச்சிம்மா."

"போட்டோ செவுத்துலயே இருக்குது மாமா" என்றாள்.