பேராவூரணிக் காருக்கு நூற்று நாற்பத்தொன்று

ஃபஹ்மிதாவுக்கு அருவருப்பு சட்டென்று வந்துவிடும். கரப்பான்பூச்சிக்கும் பல்லிக்கும் அல்ல. அவற்றைச் செருப்பால் அடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சோறு தின்னப் போய்விடுவாள். இல்லாத ஓர் எண்ணை வாயில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிற மனிதனைக் கண்டால்தான் குமட்டும்.

இந்த வியாதி அரிசி ஆலையில் ஒட்டிக்கொண்டது. நாகப்பட்டினத்துப் பெண்ணான அவள் ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்ததும், கும்பகோணம் பக்கம் ஓர் ஆலையின் எடை மேடையில்தான் வேலை கிடைத்தது. லாரி ஏறும், எண் விழும், முதலாளி கண்ணைக் காட்டுவார், எண் குறையும். நெல்லைக் கொண்டுவந்தவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். குறுவை அறுவடை முடிவதற்குள் வேலையை உதறிவிட்டு வந்துவிட்டாள்.

அவள் 'நானா' என்று கூப்பிடும் அண்ணன் நௌஷாத், ஷார்ஜாவில் கார்களுக்கு வேகம் கூட்டும் பட்டறையில் இருந்தவன். திரும்பும்போது என்ஜின் சக்தியை அளக்கும் பழைய டைனோ மெஷின் ஒன்றை வாங்கிக் கப்பலில் போட்டுவிட்டு வந்தான். தஞ்சாவூர் புறவழிச்சாலையில் ஷெட் போட்டு, தரையில் பள்ளம் வெட்டி அதைப் பதித்தான். காரை அதன் உருளைகள்மேல் ஏற்றி, நகராதபடி வாரால் இழுத்துக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டினால், என்ஜின் எத்தனை குதிரைசக்தி தருகிறது என்று திரையில் வந்துவிடும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அந்தத் திரைக்கு முன்னால் உட்கார வந்தவள்தான் ஃபஹ்மிதா.

மெஷின் பொய் சொல்லாது என்று நம்பி வந்தாள். மெஷின் சொல்லவில்லைதான். வந்தவர்கள் சொன்னார்கள். ஒருவன் புகைக்குழாயை மட்டும் மாற்றிவிட்டு இருபது குதிரை கூடியிருக்க வேண்டுமே என்றான். கூடியது சத்தம் மட்டும்தான். இன்னொருவன், கல்யாண ஃப்ளெக்ஸில் தன் படத்துக்குக் கீழே போட வேண்டும், இருநூறாகப் போட்டுத் தாருங்கள் என்றான். பெண் என்ன குதிரைக்கா வாக்கப்படுகிறாள் என்று கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் நௌஷாத் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் அவள் கையால் ஒரு பொய் எண் அச்சாகி வெளியே போனதில்லை. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் அந்தக் கூட்டத்தைச் சகித்துக்கொண்டிருந்தாள்.

துரைராசு வந்தது ஒரு முற்பகலில். பேராவூரணிக் கொப்பரை வியாபாரி. யாரோடு பேசினாலும் ஊருக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். வெளியூர்ப் பட்டறைக்காரன் எவனோ அவரைப் பேச்சில் மயக்கி, காரின் காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டுத் கூம்பு வடிவத் திறந்த வடிகட்டி ஒன்றையும், தண்டிப் புகைக்குழாயையும், என்ஜின் கம்ப்யூட்டரை ஏய்க்கும் டப்பா ஒன்றையும் மாட்டி அனுப்பியிருந்தான். பதினைந்து குதிரை கூடும் என்பது அவன் கொடுத்த வாக்கு. துரைராசு அதைச் சம்பந்தி வீடுவரை சொல்லியாகிவிட்டது.

வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவர் அரசப்பன். துரைராசுவின் அப்பா காலத்திலிருந்து அந்த வீட்டு டிரைவர். மாட்டிய மறுநாளே, இழுவை குறைந்திருக்கிறது மொதலாளி என்று அவர் சொல்லித் தொலைத்ததில்தான் இந்தப் பயணம் முளைத்தது. துரைராசு நௌஷாத்திடம் விவரம் சொன்னார். எண் கூடியிருந்தால் சரி. குறைந்திருந்தால் இவன்தான் ஓட்டத் தெரியாமல் ஓட்டி என்ஜினைக் கெடுத்தவன், இன்றைக்கே சாவியை வாங்கிக்கொள்வேன் என்றார். அரசப்பன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தேய்ந்த டயரைப் பற்றிப் பேசுவதுபோல அவரைப் பற்றிப் பேசியது ஃபஹ்மிதாவுக்குக் காதிலேயே நாறியது.

கார் உருளையில் ஏறி அலறியது. நூற்றுப் பதினான்கு. கம்பெனிக்காரன் சொல்வதே நூற்று இருபத்தைந்து. என்ஜினைக் குளிர்விக்கும் மின்விசிறியை இன்னும் நெருக்கி வைத்து மறுபடி ஓட்டினாள். அதே எண். பானட்டைத் தூக்கிப் பார்த்தாள். குளிர்ந்த காற்றை இழுக்க வேண்டிய கூம்பு, என்ஜினை ஒட்டி உட்கார்ந்து அதன் சூட்டையே உறிஞ்சிக்கொண்டிருந்தது. போதாததற்கு மேலெல்லாம் தூசி. குற்றம் அங்கே இருந்தது, டிரைவரிடம் இல்லை.

பழைய சாமான்களை மாட்டி ஒரு தடவை ஓட்டினால் யார் கெடுத்தது என்று தெரிந்துவிடும் என்று துரைராசுவிடம் சொன்னாள். அதையெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாச்சு, எண் என்னவென்று மட்டும் சொல்லும்மா என்றார். இன்னொரு தடவை ஓட்டிவிட்டுச் சொல்வதாகச் சொல்லி நௌஷாத் சமாளித்தான். அவர் வெளியே போய் ஃபோனில் கத்த ஆரம்பித்தார்.

கேட்கிறதைப் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடு என்றான் நௌஷாத். "அதுக்கு நான் மில்லுலயே இருந்திருப்பேனே நானா," என்றாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு போனான்.

அப்போதுதான் அரசப்பன் கண்ணாடித் தடுப்புக்கு அருகில் வந்தார். கெஞ்சவில்லை. வழி விசாரிக்கிறவர்போலக் கேட்டார்.

"கூடுனதாவே போட்டுக் குடுத்துடுங்கம்மா."

"உங்க மேல தப்பே இல்லண்ணே. நான் அவருகிட்ட சொல்றேன்."

"அவருக்குத் தெரிஞ்சா மட்டும்? அவரு ஏமாந்தாருன்னு காட்டுன ஆள அவரு வச்சிருப்பாரா? நெசத்தச் சொல்லிப் பட்டது போதும். இந்த வயசுல எனக்கு வேற எவன் வண்டி குடுப்பான்?"

ஃபஹ்மிதாவுக்கு அவர்மேலும் ஆத்திரம் வந்தது. உண்மை இவர் பக்கம் நிற்கிறது, இவரோ அதைத் தள்ளி நிற்கச் சொல்கிறார். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு தன் சுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளவும் அவளுக்குக் கூசியது. உருளையில் கிடைத்த சக்தியிலிருந்து என்ஜினின் சக்தியைக் கணக்கிட, வழியில் எவ்வளவு வீணாகிறது என்று ஓர் எண்ணைத் தட்ட வேண்டும். அந்த எண்ணைக் கூட்டினாள். திரை ஒரு முனகல்கூட இல்லாமல் நூற்று நாற்பத்தொன்று என்றது. மெஷினாம் மெஷின். அச்சாகி வந்த தாளை, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோலத் தூக்கிக் கொண்டுபோய்த் துரைராசுவிடம் கொடுத்தாள்.

துரைராசுவின் முகம் பூரித்துப்போயிற்று. தாளைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துச் சொந்தபந்தத்துக்கெல்லாம் அனுப்பினார். நௌஷாத்தின் தோளில் தட்டினார். பிறகு திரும்பினார்.

"இழுவை இல்லன்னியே அரசப்பா. ஆட மாட்டாதவ கூடம் கோணல்ன்னாளாம். வண்டியில கொற இல்ல, உன் ஓட்டுலதான் கொற. இத்தன நாளா என் வண்டியக் கொற சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்க. சாவியக் குடு."

அரசப்பன் கொடுத்தார்.

ஃபஹ்மிதா ஓடிப்போய்க் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "அது பொய்ங்க. நான்தான் கூட்டிப் போட்டேன். வண்டி நூத்திப் பதினாலுதான் இழுக்குது. அவரு சொன்னது நெசம்."

துரைராசு அவளைப் பரிவாகப் பார்த்தார். ஏழைக்கு இரங்குகிறாய், நல்ல மனசு, ஆனால் மனுஷன் மாத்திப் பேசுவான், மெஷின் மாத்திப் பேசாதும்மா என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அது ஊர் அதிரச் சத்தம் போட்டுக்கொண்டு, மேம்பாலத்து ஏற்றத்தில் நெல் லாரி ஒன்றை முந்த முடியாமல் அதன் பின்னாலேயே போயிற்று.

அரசப்பன் ஷெட் வாசலில், தோளில் துண்டோடு, பட்டுக்கோட்டை பஸ் இங்கே நிற்குமா என்று கேட்டார். நிற்காது, நானே ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்ல அவள் வாயெடுத்தபோது, உள்ளேயிருந்து நௌஷாத் கூப்பிட்டான். பேராவூரணிக் கார் ஷீட்டை இன்னொரு பிரதி எடு, சுவரில் ஒட்டினால் நாலு பேர் வருவார்கள் என்றான்.

அவளால் அரசப்பனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவரே பேசினார்.

"எடுத்துக் குடுங்கம்மா. உங்க பொழப்பாவது ஓடட்டும்."